திருப்பிப் போட்ட அட்டை

கத்தரிக்காயின் காம்பைக் கிள்ளும்போது தொடைக்கடியில் போன் அதிர்ந்த மாதிரி இருந்தது. கிருபாவதி டீச்சர் கையைப் புடவையில் துடைத்துவிட்டு எடுத்துப் பார்த்தாள். அதிரவில்லை. மணி மூன்று பத்து. நாலு மணிக்கு மேல் கூப்பிடுவோம் என்று திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். நாலுக்கு மேல் என்றால் நாலு ஒன்றும் நாலுக்கு மேல்தான், ஏழரையும் நாலுக்கு மேல்தான். மறுபடி தொடைக்கடியில் வைத்தாள். நல்லாயன்விளை வேதக்கோயிலுக்குப் பின்னால் போட்டிருந்த பந்தலில் இருபது பெண்கள் அருவாமனையும் கத்தியுமாக உட்கார்ந்திருந்தார்கள். நாளைக்கு அசனம். வருஷத்துக்கு ஒரு தடவை ஊர் முழுக்க ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற நாள். எட்டு மூட்டை கத்தரிக்காய் வந்திருந்தது. வெட்டிய காயைத் தண்ணீர் அண்டாவில் உடனே போடாவிட்டால் கறுத்துப்போகும். அதனால் யாரும் கையை நிறுத்தக் கூடாது என்று சொர்ணம் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தாள். சொர்ணத்துக்கு யாரும் அந்த வேலையைக் கொடுக்கவில்லை. பதினைந்து வருஷமாக அவளாகவே எடுத்துக்கொண்டது. "ஏட்டி, இது சாம்பாருக்கா, யானைக்கா? நாலாப் பிளந்தா போதுமா? எட்டாப் பிளங்க." யாரோ சிரித்தார்கள். கிருபாவதியும் சிரித்தாள். சிரிக்கும்போது இடது மார்பில் ஊசி போட்ட இடம் லேசாக இழுத்தது. ஊசி போட்டது திங்கட்கிழமை, இன்று சனிக்கிழமை, ஆறு நாளாகியும் இழுக்குமா என்ன, மனசுதான் இழுக்கிறது. மனசு எங்கே இழுத்தாலும் அந்த இடத்தில்தான் இழுக்கிறது. சிறு பயறு அளவுதான் என்று டாக்டரம்மா சொன்னாள். சுண்டைக்காய் என்று சொல்லவில்லை, பயறு என்றாள், அதற்கே நன்றி சொல்ல வேண்டும் போல அன்றைக்கு இருந்தது. அதற்குள் என்ன இருக்கிறது என்று ஊசியால் உறிஞ்சி எடுத்துச் சோதித்துச் சொல்ல ஐந்து நாள். நாலு மணிக்கு மேல்.

எல்லாம் ஆண்டவர் கையில் என்று அவள் புருஷன் தர்மராஜ் சொல்லியிருந்தான். சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்கு மூன்று தடவை போன் செய்து, ரிசல்ட் வந்ததா, சீக்கிரம் பார்க்க முடியாதா என்று கேட்டிருந்தான். மூன்றாவது தடவை அங்கே போன் எடுக்கிற பிள்ளை, சார், நீங்க கூப்பிடக் கூப்பிட லேட்டுதான் ஆகும் என்று வைத்துவிட்டாளாம். ஆண்டவர் கையில் இருக்கிறது என்று சொல்கிறவன் எதற்கு ஆஸ்பத்திரிக்காரியின் கையைப் பிடித்து இழுக்கிறான் என்று கிருபாவதி கேட்கவில்லை. கேட்டால் அவன் முகம் என்ன ஆகும் என்று தெரியும். அவன் இப்போது பந்தலின் அந்தப் பக்கம் அண்டாவைக் கழுவிக்கொண்டிருக்கிறான். ஒரே அண்டாவை இரண்டாவது தடவையாகக் கழுவுகிறான். பெப்ரவரி மாதப் பெண்கள் கூட்டத்தில் ஆண்டவரின் ஆளுகை என்ற தலைப்பில் அவளே கால் மணி நேரம் பேசியிருக்கிறாள். நம் தலைமயிர் ஒன்று விழுவதும் அவருக்குத் தெரியும், அவர் அறியாமல் ஒரு துரும்பும் அசையாது, ஆகவே நாம் கவலைப்படாமல் நம் வேலையைச் செய்ய வேண்டும். மூன்று பகுதியாகப் பிரித்து, கடைசியில் ஒரு ஜெபம். இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து ஜெபக்கனி நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். அது பெப்ரவரி. மார்ச் பதினொன்றாம் தேதி, சனிக்கிழமை, மோட்டாருக்கு ஒரு வாஷர் வாங்கப் பக்கத்து டவுனுக்கு வண்டியில் போன ஜெபக்கனியின் புருஷன் ஆசீர் தண்ணீர் லாரியில் அடிபட்டுச் செத்துப்போனான். அந்த நோட்டில் அந்தப் பக்கம் இப்போதும் இருக்குமா, கிழித்துப் போட்டிருப்பாளா என்று கிருபாவதிக்குப் பல நாள் யோசனை. இதோ, கை எட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள் ஜெபக்கனி. பத்து வயது இளையவள், தர்மராஜுக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி, அண்ணன் பெண்டாட்டி என்கிற உறவில் மைனி, மைனி என்று கூப்பிடுவாள். கேட்டால் சொல்லிவிடுவாள். கேட்க முடியாது. கேட்டால் அதற்கு முந்தியதையும் சொல்ல வேண்டி வரும்.

முந்தியது ஜனவரி ஒன்றாம் தேதி. புது வருஷ ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். ஆளுக்கு ஒரு வேத வசனம். எது கையில் வருகிறதோ அதுதான் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் அவருக்குச் சொல்வது. தங்கத்தாள் ஒட்டிய பெட்டி வாசல் பக்கம் மேசைமேல் இருக்கும், வரிசையாகப் போய்க் கண்ணை மூடி எடுத்து, வாசலில் நிற்கும் போதகர் ஐயருக்குக் கை கொடுத்துவிட்டு வெளியே போக வேண்டும். அந்த இருநூற்று நாற்பது அட்டைகளையும் எழுதியது கிருபாவதிதான். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று ஆறு வருஷமாக அவளிடமே கொடுக்கிறார்கள். வசனங்களை ஐயர் பட்டியல் போட்டுத் தருவார். இந்த வருஷம் பட்டியலில் ஒரு வசனத்தைப் பார்த்ததும், ஐயரே, இது எதுக்கு, புது வருஷமும் அதுவுமா யார் கையிலாவது போய்ச் சேர்ந்தா மனசு கஷ்டப்படாதா என்று கேட்டாள். ஆண்டவர் யாரை நேசிக்கிறாரோ அவர்களைத்தான் கண்டித்துத் திருத்துவார் என்கிற பொருளில் வரும் வசனம். ஊரில் அதற்குச் சிட்சை வசனம் என்றே பெயர். ஐயர் இளைஞர், சிரித்துக்கொண்டே, இனிப்பை மட்டும் பொறுக்கி எடுக்க இது என்ன மிட்டாய்க் கடையா டீச்சர் என்றார். எழுதினாள். நன்றாகவே எழுதினாள், மற்ற அட்டைகளைப் போலவே ஓரத்தில் பூவும் வரைந்தாள். ஜனவரி ஒன்றாம் தேதி காலை கண்ணை மூடிக் கையை விட்டு எடுத்து, மேசையை விட்டு நகருமுன் பார்த்தால், தன் கையெழுத்து, தன் பூ, சிட்சை. இருநூற்று நாற்பதில் ஒன்று. அந்த நிமிஷத்தில் அவள் எதையும் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டாள். கை தானாகப் பெட்டிக்குள் போயிற்று, அட்டையைச் செருகியது. அவசரத்தில் அதன் மூலை மடங்கியது விரலுக்குத் தெரிந்தது, அதே கை வேறொன்றை எடுத்துக்கொண்டு வெளியே வந்தது. நோய்நொடி உன் வீட்டுப் பக்கம் அண்டாது என்கிற வசனம். பின்னால் நின்ற ஜெபக்கனி, "நல்ல வசனமா மைனி?" என்றாள். "நல்ல வசனம்தான்" என்றாள். வாசலைத் தாண்டுமுன் திரும்பிப் பார்த்தாள். பார்த்திருக்க வேண்டாம். ஜெபக்கனியின் விரலுக்கிடையில் மூலை மடங்கிய அட்டை.

கத்தரிக்காயைப் பிளந்தாள். உள்ளே புழு. வெளியே ஒரு புள்ளி இல்லை, வழவழவென்று ஊதா நிறத்தில் நல்ல காயாகத்தான் இருந்தது. இதை வைத்து எதையும் யோசிக்கக் கூடாது என்று யோசித்தாள். சொத்தையை மட்டும் செதுக்கி எறிந்துவிட்டு மிச்சத்தை எட்டாக வகுந்து அண்டாவில் போட்டாள். புழு இருந்த காயைத் தூர எறிவதா, செதுக்கிப் போடுவதா என்று சொர்ணத்துக்கும் இன்னொருத்திக்கும் ஒவ்வொரு வருஷமும் சண்டை வரும். மணி மூன்று இருபத்தைந்து. நோய்நொடி அண்டாது என்ற அட்டையை அவள் பீரோக் கண்ணாடியில் செருகி வைத்திருந்தாள். ஆகஸ்டில் குளித்துவிட்டு வந்து அதே கண்ணாடிக்கு முன்னால் நின்றபோதுதான் விரலில் அந்தப் பயறு தட்டுப்பட்டது. தட்டுப்பட்டதும் முதலில் கண் போனது அட்டைக்கு. என்னுடையது இல்லையே இது, நானாக எடுத்துக்கொண்டதுதானே, எனக்கு எப்படிப் பலிக்கும் என்றது மனசு. பலிக்க இது என்ன லாட்டரிச் சீட்டா என்றது அதே மனசு. பெட்டிக்குள் கிடப்பது ஐயர் பட்டியல் போட்டு, அவள் எழுதிய காகிதம். ஆண்டவர் ஒருவரைக் கண்டிக்க வேண்டும் என்றால் அதற்கு மூன்று அங்குல அட்டை வேண்டுமா? ஒருவரைக் காப்பாற்ற வேண்டும் என்றால் கிருபாவதியின் விரல் வந்து தடுத்துவிடுமா? அவ்வளவு சின்னவரா அவர்? அப்படி யோசிக்கும்போது மனசு கொஞ்சம் நேராக நிற்கும். ஐந்து நிமிஷம் நிற்கும். பிறகு விரல் ஞாபகத்துக்கு வரும், மடங்கிய மூலை விரலில் தட்டுப்பட்டது ஞாபகத்துக்கு வரும். அவர் கையை விட்டு எதுவும் நழுவாது என்றால் நான் திருப்பிப் போட்டதும் அவருக்குத் தெரிந்துதான் நடந்ததா, அப்படியானால் ஆசீர் போனதும்... அந்த இடத்தில் ஒவ்வொரு தடவையும் எழுந்துபோய் ஏதாவது ஒரு வேலையைப் பார்ப்பாள். துக்க வீட்டில் எல்லாப் பெண்களும் ஜெபக்கனியைக் கட்டிப்பிடித்து, ஆண்டவர் சித்தம், நாம என்ன செய்ய முடியும் என்றார்கள். அவர்கள் வேஷத்துக்குச் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னார்கள், அவர்கள் வீட்டில் சாவு விழுந்தபோதும் அதைச் சொல்லித்தான் எழுந்தார்கள். கிருபாவதிக்கு மட்டும் அந்த வார்த்தை வாயில் வரவில்லை. கொஞ்சம் காபி குடி என்று சொன்னாள். மூன்று நாளும் அதையே சொன்னாள். காபி குடி, கொஞ்சம் காபி குடி.

இன்றைக்குக் கூப்பிட்டு, ஒன்றும் இல்லை, வெறும் கொழுப்புக் கட்டி என்று சொன்னால்? சந்தோஷப்பட வேண்டும். ஆனால் அப்போது கணக்கு முடிந்துவிடுகிறது. அவளுக்கு வரவேண்டியது பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது, அவள் தப்பித்தாள். பயறுக்குள் வேறு ஏதாவது இருந்தால்? அப்போது ஆண்டவர் நியாயமாக நடந்துகொண்டார் என்று ஆகிறது. நியாயமாக நடந்துகொண்டதற்கு நன்றி சொல்ல முடியுமா, சொல்ல வேண்டும்தான், ஐந்தாம் வகுப்புக்கு இன்னும் பாதிப் பாடம் நடத்தவில்லை, மகள் பிரசவத்துக்கு டிசம்பரில் வருகிறாள், தர்மராஜுக்கு ஒரு முட்டை வேகவைக்கத் தெரியாது. எந்தப் பதில் வந்தாலும் அது நல்ல பதில் இல்லை. இப்படி ஒரு கேள்வியைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால், டீச்சர், கேள்வியே தப்பு என்று சொல்லிவிடும். கேள்விதான் தப்பா? கேள்வி தப்பு என்றால் எந்த இடத்தில் தப்பு? மணி மூன்று நாற்பது. பந்தல் கம்பத்தில் அசன நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். எல்லா நோட்டீசையும் போல அதுவும் 'தேவ சித்தமானால்' என்றுதான் தொடங்கியது. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, போர்க் கிணறு திறப்பு, ஊரில் எதுவும் அந்த வார்த்தை இல்லாமல் அச்சாவதில்லை. ஒருத்தி கை வலிக்கிறது என்று கத்தியைக் கீழே வைத்ததற்கு சொர்ணம் அதைத்தான் காட்டினாள். "சித்தமானா அசனம்னு போட்டிருக்கு, பாத்தியா? அதுக்குன்னு அவரு வந்து கத்தரிக்கா வெட்ட மாட்டாரு. நீதான் வெட்டணும்."

"எனக்குச் சித்தமில்ல சித்தி" என்றாள் அந்தப் பெண். பந்தல் சிரித்தது.

கிருபாவதி சிரிப்போடு சிரிப்பாகப் பக்கத்தில் பார்த்தாள். ஜெபக்கனி சிரிக்கவில்லை, ஆனால் உதடு ஒரு பக்கம் கோணியது, முந்தி சிரிப்பு வரப்போகிறது என்றால் அப்படித்தான் கோணும். மார்ச்சுக்குப் பிறகு அந்த அளவுக்குக்கூடப் பார்த்ததில்லை. அவள் வெட்டுகிற வேகம் குறையவே இல்லை, எட்டு, எட்டு, எட்டு. போன் வருவதற்கு முன் சொல்லிவிட வேண்டும் என்று கிருபாவதிக்குத் திடீரென்று தோன்றியது. வந்த பிறகு சொன்னால், நல்ல ரிசல்ட் என்றால் அது தப்பித்தவளின் திமிர், கெட்ட ரிசல்ட் என்றால் பயம். முன்னால் சொன்னால்தான் அது சொன்னதாகும். மூன்று ஐம்பது. ஒன்பது மாதம் சொல்லாமல் இருந்ததைப் பத்து நிமிஷத்தில் எப்படிச் சொல்வது? என்ன செய்வாள்? கத்தியைப் போட்டுவிட்டு எழுந்து போவாள். நாளைக்குப் பந்தியில் எதிரே உட்கார மாட்டாள். அதற்குப் பிறகு எந்நாளும் மைனி என்று கூப்பிட மாட்டாள். கூப்பிட வேண்டாம்.

"ஜெபக்கனி."

"சொல்லுங்க மைனி."

"புது வருஷத்தன்னைக்கு நீ ஒரு அட்டை எடுத்தேல்லா. மூலை மடங்கினது."

ஜெபக்கனி நிமிர்ந்து பார்த்தாள். கத்தி நின்றது.

"அது நான் எடுத்தது. எனக்குப் பிடிக்கல. பெட்டியில திருப்பிப் போட்டுட்டு வேற எடுத்துக்கிட்டேன். அதைத்தான் நீ எடுத்த. நான் பாத்தேன். பாத்துக்கிட்டே போயிட்டேன்." குரல் தட்டையாக வந்தது, வருகைப் பதிவு வாசிக்கிற மாதிரி.

"சிட்சை வசனமா?"

"ஆமா."

"அதை நானும் திருப்பிப் போட்டுட்டேனே மைனி."

கிருபாவதிக்குக் காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை. வெட்டிய காய் கையிலேயே கறுத்துக்கொண்டிருந்தது.

"வாசிச்சதும் பக்குனு இருந்துச்சு. நீங்க அந்தப் பக்கம் போயிட்டிய, ஐயரும் பாக்கல. உள்ள தள்ளிட்டு வேற எடுத்தேன். எனக்குப் பின்னால லாரன்ஸ் மாமா. அவுக எடுத்தாகளோ, அவுகளும் உள்ள தள்ளுனாகளோ, யாரு கண்டா." உதடு மறுபடி ஒரு பக்கம் கோணியது. இந்தத் தடவை அதோடு நிற்கவில்லை. ஜெபக்கனி சத்தமாகச் சிரித்தாள், கத்தரிக்காய்க் கறை படிந்த கையால் வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்க.

"அங்க என்னட்டி சிரிப்பு? கையை வேலையில வையுங்க" என்றாள் சொர்ணம்.

ஒன்பது மாதம். பீரோக் கண்ணாடி, காபி குடி, நோட்டில் ஒரு பக்கம், மூலை, விரல். தான் ஒருத்திதான் பெட்டிக்குள் கையை விட்டவள் என்று எப்படி நினைத்தாள்? ஊரில் பாதிப் பேர் விட்டிருப்பார்கள். அந்த அட்டை காலை முழுக்க மேலும் கீழும் போய்க் கடைசியில் அடியில் கிடந்திருக்கும். சிரிப்பு வரவேண்டிய இடம்தான். வரவில்லை. வேறொன்று வந்தது.

"அப்ப உனக்கு எதுதான் வந்துச்சு?"

ஜெபக்கனி கண்ணைத் துடைத்தாள். மறுபடி வெட்டத் தொடங்கினாள். "போகும்போதும் வரும்போதும் அவரு காவலா இருப்பாருன்னு வரும்லா, அது. வண்டியில போற மனுசன் ஆச்சேன்னு தினமும் அவுக சட்டைப் பையில வச்சுவிடுவேன். ஆஸ்பத்திரியில சட்டையைச் சுருட்டிக் குடுத்தப்ப பையிலதான் இருந்துச்சு."

கிருபாவதி கையில் கறுத்துப்போன காயை அண்டாவில் போட்டாள்.

"வீட்டுக்கு வந்து கிழிச்சுப் போட்டேன். சின்னச் சின்னதா. ரெண்டு நாள் கழிச்சு வாருகோல் வச்சுப் பெருக்கும்போது பொறுக்கி எடுத்து டேப் போட்டு ஒட்டிட்டேன். வேதத்துக்குள்ள இருக்கு."

"எதுக்கு ஒட்டுன?"

"தெரியல மைனி." நாலைந்து காய் வெட்டினாள். "சண்டை போடுறதுன்னாலும் அவருகிட்டதானே போடணும். வேற யாருகிட்ட போக? தினமும் காலையில எடுத்து வச்சுக் கேக்குதேன். இதுக்கு என்ன அர்த்தம்னு. ஒண்ணும் சொல்லல. நானும் விடல."

போன் அடித்தது. அடிக்கத்தான் செய்தது, தொடையில் அதிர்ந்து, சத்தமும் வந்தது. மணி நாலு இரண்டு. கிருபாவதி எடுத்தாள். ஆமாம், கிருபாவதிதான் பேசுகிறேன், ஐம்பத்தாறு வயது, ஆமாம், இடது பக்கம். அந்தப் பெண் வேகமாகப் பேசினாள். சரி என்றாள். சரிம்மா. திங்கட்கிழமையா? சரி. வைத்துவிட்டாள். அதுவரை பந்தலில் யாரும் பேசாமல் இருந்தது அப்போதுதான் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தது யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தாள். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

"என்ன மைனி?" என்றாள் ஜெபக்கனி.

"எடுத்தது போதலையாம். ஒண்ணும் சொல்ல முடியலையாம். திங்கட்கிழமை வந்தா இன்னொரு தடவை எடுத்துப் பாப்பாங்களாம்."

ஜெபக்கனி கத்தியைக் கீழே வைத்தாள். "அவங்களும் திருப்பிப் போட்டுட்டாங்களா மைனி?"

இப்போது கிருபாவதிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை, கண்ணில் தண்ணீர் வந்தது, ஊசி போட்ட இடம் இழுத்தது. இழுக்கட்டும். சொர்ணம் எழுந்தே வந்துவிட்டாள். இடுப்பில் கை வைத்து இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒன்றும் விளங்காமல் திரும்பிப் போனாள். "எட்டரை பஸ்ஸு" என்றாள் ஜெபக்கனி. "நானும் வாரேன். தேவ சித்தமானா." அதைச் சொல்லும்போது அவள் குரலில் கேலியும் இல்லை, பக்தியும் இல்லை; பஸ் நேரத்தைச் சொன்ன அதே குரல். பயறுக்குள் என்ன இருக்கிறது என்று இன்னும் தெரியாது. அட்டை யாரிடம் போனது என்றும் தெரியாது. பயம் போகவில்லை, இருந்த இடத்தில்தான் இருந்தது, ஆனால் அது இப்போது வெறும் பயமாக இருந்தது. யாருக்கும் அதில் பங்கு இல்லை. கிருபாவதி போனைத் தொடைக்கடியில் வைக்காமல் பின்னால் இருந்த கூடையில் போட்டாள்.

அண்டாப் பக்கமிருந்து தர்மராஜ் ஈரக் கையோடு ஓடிவந்தான். "போன் வந்துச்சா? என்ன சொன்னாங்க?"

"திங்கட்கிழமை திரும்ப வரச் சொன்னாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவன் போகவும் இல்லை, உட்காரவும் இல்லை, கையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றான். சொர்ணம் ஒரு கத்தியை எடுத்து அவனிடம் நீட்டினாள். "நிக்கிற நேரத்துக்கு நாலு காய் வெட்டுங்கண்ணே." அவன் கிருபாவதிக்குப் பக்கத்தில் குந்தி, ஒரு கத்தரிக்காயை எடுத்து நான்காகப் பிளந்து அண்டாவில் போட்டான். கிருபாவதி கையை விட்டு அந்த நாலையும் வெளியே எடுத்து, ஒவ்வொன்றையும் இரண்டாக நறுக்கித் திரும்பப் போட்டாள்.